விமானி வேலை விண்ணப்பத்தில் இன்ஸ்ட்ருமென்ட் மணித்தியாலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் எங்கள் வீட்டு மேசையில் லொக்புக்கை (விமானி பறந்த நேரத்தைப் பதியும் புத்தகம்) விரித்து வைத்துவிட்டு, "இந்தக் கட்டத்தில் எதை எழுதுறது?" என்று கேட்ட பிள்ளைகள் பலர். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, காரைதீவு என்று எல்லாப் பக்கத்திலும் இருந்து வருகிறார்கள். ஒருவர் இரத்மலானையில் பறக்கப் பழகியவர், இன்னொருவர் பிலிப்பைன்ஸ், வேறொருவர் அமெரிக்கா. எங்கே பழகினாலும் வேலைக்கு எழுதும்போது 'இன்ஸ்ட்ருமென்ட்' என்ற, அதாவது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிய நேரத்தைக் கேட்கும், இந்த ஒரு கட்டத்தில்தான் எல்லோரும் தடக்குப்படுகிறார்கள். கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே ஒன்றாகப் போடுகிறேன். இனி வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வந்தால் தேத்தண்ணி குடிக்க நேரம் மிஞ்சும்.

மகனுக்கு 200 மணித்தியாலத்துக்கு மேல் இருக்கு. பிறகு ஏன் 'இன்ஸ்ட்ருமென்ட் எவ்வளவு' என்று தனியாகக் கேட்கிறாங்க? (சம்மாந்துறையிலிருந்து ஒரு வாப்பா)

நல்ல வெயில் நாளில் திமிலைதீவு ஓடுபாதையில் இருந்து ஏறினால் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவே கல்லடிப் பாலம். அடிவானம் கண்ணுக்கு நேரே இருக்கும். விமானம் சரிந்தால் உடனே தெரியும். அதே விமானம் மார்கழி மாரியில் முகிலுக்குள் புகுந்தால் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. அப்போது காது பொய் சொல்லத் தொடங்கும். உள்காதில் உள்ள திரவம் ஒரே சீரான திருப்பத்துக்குச் சில விநாடிகளிலேயே பழகிவிடும். விமானம் திரும்பிக்கொண்டிருக்கும், உடம்புக்கோ நேரே போவதுபோல இருக்கும். அந்த நேரத்தில் விமானி தன் உடம்பை நம்பாமல் செயற்கை அடிவானத்தையும் உயரமானியையும் வேகமானியையும் மட்டும் நம்பி ஓட்ட வேண்டும்.

1954 இல் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். முகில் பறப்பில் பழக்கமில்லாத 20 பேரை, வெளியே பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டு ஓட்ட விட்டார்கள். 20 பேருமே விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியாத நிலைக்குப் போனார்கள். அதற்கு எடுத்த சராசரி நேரம் 178 விநாடி, அதாவது மூன்று நிமிடம்கூட இல்லை. கொம்பனிக்காரர் அந்தக் கட்டத்தை வைத்திருப்பது இதற்காகத்தான். மகனுடைய 200 மணித்தியாலமும் வெயிலில் பறந்ததாக இருந்தால், அவர்களுக்குத் தேவையான கேள்விக்கு அதில் பதில் இல்லை.

ஐஎஃப்ஆர் நேரமும் இன்ஸ்ட்ருமென்ட் நேரமும் ஒன்றுதானே அண்ணா?

இல்லை. அதிகமானோர் பிழை விடுவது இங்கேதான்.

ஐஎஃப்ஆர் என்பது ஒரு விதிமுறை. பறப்புத் திட்டம் கொடுத்து, கட்டுப்பாட்டாளர் சொல்லும் பாதையிலும் உயரத்திலும் போவது. வானம் பளிச்சென்று இருந்தாலும் ஐஎஃப்ஆரில் பறக்கலாம். இன்ஸ்ட்ருமென்ட் நேரம் என்பது விமானி உண்மையிலேயே என்ன செய்தார் என்பது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதலாம் இணைப்பு அதற்குக் கொடுக்கும் வரைவிலக்கணம் தெளிவானது: வெளியே எந்த அடையாளத்தையும் பார்க்காமல், கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை ஓட்டிய நேரம்.

ஒரு உதாரணம். இரத்மலானையில் இருந்து மட்டக்களப்புக்கு ஐஎஃப்ஆர் திட்டத்தில் வருகிறீர்கள் என்று வைப்போம். மொத்தம் 1 மணி 12 நிமிடம். பிதுருதலாகலைக்குக் கிட்டவாகப் பின்னேர முகில் திரண்டிருக்கிறது, அதற்குள் 12 நிமிடம் போகிறீர்கள். மகாவலி தாண்டியதும் வெளித்துவிட்டது, வாவி தெரிகிறது, பார்த்துக்கொண்டே இறங்குகிறீர்கள். ஐஎஃப்ஆர் நேரம் 1.2. இன்ஸ்ட்ருமென்ட் நேரம் 0.2. ஒரே பறப்பில் ஆறு மடங்கு வித்தியாசம்!

குழப்பத்துக்கு நியாயமான காரணமும் இருக்கிறது. ஐரோப்பிய லொக்புக்கில் உள்ள நிரல் ஐஎஃப்ஆரில் பறந்த நேரத்துக்கானது. அமெரிக்க லொக்புக்கில் 'அக்சுவல்' என்றும் 'சிமியுலேட்டட்' என்றும் இரண்டு நிரல், இரண்டுமே கருவியைப் பார்த்து ஓட்டிய நேரத்துக்கானவை. ஆகவே ஐரோப்பிய லொக்புக் வைத்திருக்கும் ஒருவர் அந்த நிரலின் கூட்டுத்தொகையை அப்படியே எடுத்து, அமெரிக்க முறையில் கேட்கும் படிவத்தில் போட்டால் தெரியாமலே பொய் எழுதியவர் ஆகிறார். படிவம் எந்த நாட்டு வழக்கத்தில் கேட்கிறது என்பதை முதலில் பாருங்கள். கட்டத்தின் தலைப்பில் 'ஐஎஃப்ஆர்' என்று இருக்கிறதா, 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று இருக்கிறதா என்று விரல் வைத்துப் படியுங்கள்.

'சிமியுலேட்டட்' என்றால் சிமியுலேட்டர்தானே? நான் 18 மணித்தியாலத்தையும் அதற்குள் போட்டுட்டேனே!

போட்டிருக்கக் கூடாது தம்பி. ஆனால் இது உங்கள் பிழை மட்டும் இல்லை, அந்தச் சொல்லே ஒரு பொறி. 'சிமியுலேட்டட் இன்ஸ்ட்ருமென்ட்' என்றால் பெரும்பாலும் வானத்தில், உண்மையான விமானத்தில், தலையில் ஹூட் அல்லது கண்ணில் ஃபாகிள்ஸ் போட்டு வெளியே தெரியாமல் மறைத்து ஓட்டிய நேரம். நிலத்தில் பெட்டிக்குள், அதாவது விமானத்தைப் போலவே நடந்துகொள்ளும் பயிற்சிக் கருவிக்குள், இருந்து ஓட்டியது 'இன்ஸ்ட்ருமென்ட் கிரவுண்ட் டைம்'. படிவத்தில் அதற்கு 'சிமியுலேட்டர்', 'எஃப்எஸ்டிடி', 'எஃப்என்பிடி' என்று வேறு கட்டம் இருக்கும்.

நான் மூன்று சொல்லை வைத்துப் பிரித்துக் கொடுப்பேன். முகில், ஹூட், பெட்டி. முகிலும் ஹூட்டும் விமானத்தில் நடந்தவை. பெட்டி நிலத்தில் நடந்தது. லொக்புக்கை முதலாம் பக்கத்தில் இருந்து எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் இந்த மூன்றில் எது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வாருங்கள். ஒரு பின்னேரம் போதும். பிறகு எந்தப் படிவம் எப்படிக் கேட்டாலும் கூட்டிக் கொடுக்கலாம்.

ஒருவருடைய கணக்கு இப்படி இருந்தது என்று வைப்போம்: மொத்தப் பறப்பு 214.6, ஹூட் 27.4, முகில் 1.8, பெட்டி 18.5. விமானத்தில் ஓட்டிய இன்ஸ்ட்ருமென்ட் நேரம் 29.2. பெட்டியையும் சேர்த்த இன்ஸ்ட்ருமென்ட் நேரம் 47.7. இந்த இரண்டு எண்ணும் சரியானவை. எதைக் கேட்டார்களோ அதைக் கொடுப்பதில்தான் விசயம் இருக்கிறது.

பெட்டி நேரத்தை மொத்தப் பறப்பு நேரத்தில் சேர்க்கலாமா?

சேர்க்கக் கூடாது. பெட்டி நிலத்தை விட்டு எழும்பவில்லை.

வீட்டுக் கொம்பியூட்டரில் ஓட்டியது?

அது விளையாட்டு. பழக நல்லது, எழுதப் பூச்சியம். விமானப் போக்குவரத்து அதிகாரசபை அங்கீகரித்த கருவியில் ஓட்டினால் மட்டுமே கணக்கில் வரும், அதுவும் ஆசிரியரின் கையொப்பத்தோடு. கருவியின் வகையையும் அங்கீகார இலக்கத்தையும் லொக்புக்கில் எழுதி வையுங்கள்.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு, 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று மட்டும். நான் என்ன செய்ய?

முகிலையும் ஹூட்டையும் கூட்டி அதில் போடுங்கள். பெட்டியை அதற்குள் திணிக்காதீர்கள். குறிப்பு எழுத இடம் இருந்தால், இல்லாவிட்டால் முகப்புக் கடிதத்தில், ஒரே வரி: "இன்ஸ்ட்ருமென்ட் 29.2, இதில் முகில் 1.8, ஹூட் 27.4, இதற்கு வெளியே அங்கீகரித்த கருவியில் 18.5." படிப்பவருக்குக் கேள்வி மிஞ்சாது. கொம்பனியின் ஆட்சேர்ப்புப் பிரிவுக்கு ஈமெயில் போட்டுக் கேட்பதும் ஒன்றும் வெட்கமான காரியம் இல்லை. நம் பிள்ளைகள் இதற்கு ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முகிலுக்குள் போவதும் வருவதுமாக இருந்தால் எப்படிக் கணக்கெடுப்பது?

யாரும் நிறுத்தற்கடிகாரம் பிடித்துக்கொண்டு பறப்பதில்லை. முழந்தாளில் கட்டியிருக்கும் தாளில், புகுந்த நிமிடத்தையும் வெளிவந்த நிமிடத்தையும் குறிக்கலாம். அதற்கும் நேரமில்லையென்றால், இறங்கியவுடன் எஞ்சின் சூடு ஆற முன் ஒரு நேர்மையான மதிப்பீட்டை எழுதுங்கள். மூன்று கிழமை கழித்து எழுதினால் முகில் பெருத்துவிடும். கடலில் தப்பிய மீனைப் போலத்தான்.

முகிலுக்கு மேலே வெயிலில் போனது, முகிலுக்குக் கீழே மழையில் நிலம் தெரியப் போனது, இரண்டும் கணக்கில் வராது. வெளியே பார்த்து விமானத்தை நேராக வைத்திருக்க முடியுமா என்பதுதான் உரைகல்.

இருட்டில் கடலுக்கு மேலே பறந்தேன். முகில் இல்லை, ஆனால் ஒன்றுமே தெரியவில்லை. எழுதலாமா? (பொத்துவிலைச் சேர்ந்த ஒரு தங்கச்சி)

அருமையான கேள்வி. நம் கரையில் இருந்து கிழக்கே திரும்பினால் வங்காள விரிகுடாதான், வேறொன்றும் இல்லை. அமாவாசை இருட்டில் கடலும் வானமும் ஒரே கறுப்பாகிவிடும். அதைவிடப் பொல்லாதது தோணிகளின் வெளிச்சம். வாழைச்சேனைப் பக்கத்தில் மீன்பிடிக்கப் போன தோணிகளின் விளக்கும் வானத்து வெள்ளியும் ஒன்றாகத் தெரியும்போது அடிவானம் எங்கே என்று மூளை தானாக ஒரு கோட்டைப் போட்டுக்கொள்ளும். அது சரிந்த கோடாகவும் இருக்கலாம்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1984 இல் கொடுத்த ஒரு சட்ட விளக்கம், நிலவில்லாத இரவில் கடலுக்கு மேலே கருவிகளைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தால், காலநிலை நன்றாக இருந்தாலும் அதை 'அக்சுவல்' என்று எழுதலாம் என்கிறது. ஆனால் ஏன் அப்படி எழுதினீர்கள் என்பதைக் குறிப்பில் எழுதி வைக்க வேண்டும். "நிலவில்லை, கடலுக்கு மேல், அடிவானம் இல்லை, 0.4" என்பது போல. உங்கள் லைசன்ஸ் அமெரிக்காவினது இல்லாவிட்டால், அதைக் கொடுத்த அதிகாரசபை இதை ஏற்குமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். கேட்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், 0.4 இல் யாரும் வேலை இழப்பதில்லை.

கூட்டாளி ஹூட் போட்டு ஓட்டினான், நான் பக்கத்தில் சேஃப்டி பைலட். எனக்கும் அந்த நேரம் உண்டா?

இன்ஸ்ட்ருமென்ட் நேரம் இல்லை. நீங்கள் அங்கே இருந்ததே வெளியே பார்ப்பதற்குத்தானே! உங்கள் கூட்டாளி தன் லொக்புக்கில் உங்கள் பெயரை எழுத வேண்டும், அமெரிக்க விதியில் அது கட்டாயம். பேட்டியில் இரண்டு பேரின் லொக்புக்கும் ஒரே மேசைக்கு வந்த கதையும் உண்டு. ஒரே விமானம், ஒரே நாள், ஒரே மணித்தியாலம், இரண்டு பேருக்கும் ஹூட்.

ஆசிரியர் விசயம் வேறு. மாணவருக்குப் படிப்பிக்கும்போது உண்மையாகவே முகிலுக்குள் இருந்தால், அமெரிக்க விதியின்படி ஆசிரியரும் எழுதலாம். மாணவர் ஹூட்டோடு வெயிலில் பறந்தால் ஆசிரியருக்கு இல்லை.

'கடைசி 6 மாதம்' என்று ஒரு கட்டம் இருக்கு. அது எதற்கு?

நான் ஆள் எடுக்கிறவனாக இருந்தால் மொத்தத்தை விட முதலில் பார்க்கும் கட்டம் அது. இந்தத் திறமை துருப்பிடிக்கும். அமெரிக்க விதி, 6 மாதத்துக்குள் கருவிகளைப் பார்த்து ஓடுபாதையை நோக்கி இறங்கும் 6 அணுகலும் (அப்ரோச்), வட்டமிட்டுக் காத்திருத்தலும், வானொலிப் பாதையைப் பிடித்து அதன்வழி போவதும் செய்திருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பாவில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கே (கருவி பார்த்துப் பறக்க லைசன்ஸில் கிடைக்கும் தகுதி) ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். ஊருக்கு வந்து ஒரு வருடம் வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டத்தில் பூச்சியம்தான் வரும். பூச்சியத்தையே எழுதுங்கள். கூடவே, "ரேட்டிங் இந்தத் திகதியில் முடிந்தது, புதுப்பிக்கப் பதிவு செய்திருக்கிறேன்" என்று உண்மை இருந்தால் சேருங்கள்.

ஒவ்வொரு அப்ரோச்சையும் எந்த நிலையம், எந்த வகை என்று எழுதும் பழக்கம் இருக்க வேண்டும். "கட்டுநாயக்கா, ஐஎல்எஸ், 1" என்று மூன்று சொல் போதும் (ஐஎல்எஸ் என்பது ஓடுபாதைக்கு வழிகாட்டும் வானொலிக் கருவி). வெறும் மணித்தியாலம் மட்டும் உள்ள லொக்புக்கில் 6 மாதம் கழித்து இதைத் தேடி எடுக்கவே முடியாது.

நிமிடமா, தசமமா?

இரண்டும் சரி, கலப்பதுதான் பிழை. 1 மணி 30 நிமிடம் என்றால் 1.5. அதை 1.30 என்று எழுதி கல்குலேட்டரில் போட்டுக் கூட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 45 நிமிடப் பறப்பு 60 என்றால் 45 மணித்தியாலம். 0.45 என்று எழுதிக் கூட்டினால் 27 தான் வரும். 18 மணித்தியாலத்தைத் தன் கையாலேயே தொலைத்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். வாப்பா மூன்று வருடம் கடையில் நின்று உழைத்த காசு அது. 6 நிமிடத்துக்கு 0.1 என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

உண்மையில் முகிலுக்குள் போனது 1.8 தான். அதை எழுத வெட்கமாக இருக்கு. 5 என்று போட்டால் யாருக்குத் தெரியப் போகுது?

தெரியும். விமானிகளுக்கிடையே இதற்கு 'பார்க்கர் பேனா மணித்தியாலம்' என்று ஒரு பகிடிப் பெயரே இருக்கிறது. பேனாவால் பறந்தது.

என் கதையைச் சொல்கிறேன். முதல் விண்ணப்பத்தில் 61 என்று எழுதினேன். ஏமாற்ற எழுதவில்லை, ஐஎஃப்ஆர் நேரத்தையும் பெட்டி நேரத்தையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டியிருந்தேன். வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று, பெயர் வேண்டாம். பேட்டி எடுத்த கப்டன் ஒன்றும் பேசாமல் லொக்புக்கை எடுத்து, பென்சிலால் ஒவ்வொரு பக்கமாகக் கூட்டினார். இருபது நிமிடம். அந்த அறையில் குளிரூட்டியின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. முடிவில் 33 என்று எழுதி என் பக்கம் திருப்பினார். "முகிலுக்குள் கடைசியாக இறங்கியது எங்கே, முகில் எத்தனை அடியில் விட்டது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வேலையும் வரவில்லை. அந்த 33 ஐ நானே எழுதியிருந்தால் அவருக்குப் பென்சில் தேவைப்பட்டிருக்காது.

வறண்ட பாலைவனப் பக்கத்தில், வருடம் முழுக்க வெயில் உள்ள இடத்தில் பழகிவிட்டு முகில் நேரம் 40 என்று எழுதினால் பார்த்தவுடனே பிடிபடும். 200 மணித்தியாலம் உள்ள பிள்ளைக்கு முகில் நேரம் 2, 3 என்று இருப்பது வழமை. பயிற்சிப் பாடசாலைகள் மாணவரை மழை முகிலுக்குள் அனுப்புவதில்லை, அனுப்பவும் கூடாது. அமெரிக்க விதியில் பொய்ப் பதிவு எழுதினால் எல்லா லைசன்ஸையும் பறிக்க இடமிருக்கிறது. 3.2 மணித்தியாலத்துக்காக அதைப் பணயம் வைப்பீர்களா?

ஏடிபிஎல்லுக்கு (விமானிகளுக்கான மிக உயர்ந்த லைசன்ஸ்) இன்ஸ்ட்ருமென்ட் 75 வேண்டும் என்கிறார்களே, பெட்டி எவ்வளவு சேர்க்கலாம்?

சர்வதேச அமைப்பின் தரப்படி, விமானப் பிரிவில் ஏடிபிஎல்லுக்கு மொத்தம் 1500 மணித்தியாலம், அதில் இன்ஸ்ட்ருமென்ட் 75, அந்த 75 இல் பெட்டி 30 க்கு மேல் போகக்கூடாது. மேலே சொன்ன உதாரணப் பிள்ளைக்கு 47.7 இருக்கிறது, இன்னும் 27.3 வேண்டும். பெட்டியில் ஏற்கெனவே 18.5 என்பதால் அதில் இன்னும் 11.5 தான் எடுபடும். மிச்சம் 15.8 ஐ விமானத்தில்தான் பறக்க வேண்டும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு 40, அதில் பெட்டி 20, முழுமையான ஃபிளைட் சிமியுலேட்டர் என்றால் 30 வரை. நம் நாட்டு அதிகாரசபையோ வேறு நாடோ இதைவிடக் கூடக் கேட்கலாம், ஆகவே காசு கட்ட முன் அதிகாரசபையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளத்தில் லொக்புக் நனைஞ்சு பாதிப் பக்கம் போயிட்டுது சேர்.

2011 வெள்ளத்தில் மட்டக்களப்பு, அம்பாறை என்று நம் இரண்டு மாவட்டத்திலும் பிறப்புச் சான்றிதழில் இருந்து காணி உறுதி வரை நனைந்தது நினைவிருக்கும். லொக்புக்கும் கடதாசிதான். முதலில், மிஞ்சிய பக்கங்களைக் காய வைத்துப் படம் எடுங்கள். பயிற்சிப் பாடசாலையிடம் உங்கள் பயிற்சிப் பதிவுகளின் உறுதிப்படுத்திய கொப்பியைக் கேளுங்கள். விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டில் ஒவ்வொரு பறப்பும் இருக்கும். லைசன்ஸ் எடுக்கும்போது அதிகாரசபைக்குக் கொடுத்த மணித்தியாலச் சுருக்கமும் கோப்பில் இருக்கும். அவற்றை வைத்துப் புதுப் புத்தகம் எழுதி, என்ன நடந்தது என்று ஒரு சத்தியக் கடதாசியும் முடித்து வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தால் காட்ட முடியாத மணித்தியாலத்தை விண்ணப்பத்தில் சேர்க்காமல் விடுவது நட்டம்தான். ஆனாலும் விடுங்கள்.

இனிமேல் மாதத்துக்கு ஒருமுறை போனில் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்பி வையுங்கள். நம் வீடுகளில் அப்படி ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார்.

விண்ணப்பம் அனுப்பிய பிறகுதான் பிழையைக் கண்டேன். இனி என்ன?

இன்றைக்கே எழுதுங்கள், பேட்டிக்குக் கூப்பிடட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம். நீண்ட மன்னிப்பு வேண்டாம், மூன்று வரி போதும்: "நான் அனுப்பிய விண்ணப்பத்தில் இன்ஸ்ட்ருமென்ட் நேரம் 47.7 என்று உள்ளது. அதில் 18.5 நிலக் கருவியில் பெற்றது. சரியான எண் 29.2, திருத்திய படிவம் இத்துடன்." லொக்புக்கிலும் பிழை இருந்தால் டிபெக்ஸ் பூசாதீர்கள், பக்கத்தைக் கிழிக்கவும் வேண்டாம். பிழையான எண் வாசிக்கத் தெரியும்படி ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, திகதியும் சுருக்கொப்பமும் போடுங்கள். பிறகு அந்தப் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை கூட்டுத்தொகையைத் திரும்பக் கூட்ட வேண்டும். அதைப் பென்சிலோடு மேசையில் இருந்து செய்யுங்கள், பஸ்ஸில் போகும்போது வேண்டாம்.